அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க

குழாய் என்று அவளுக்குப் பெயர் வைத்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் சொல்லப்போகிறதோடு ஒப்பிட்டால் இது சின்னக் குற்றம்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு நாட்டுப் பெண் எடை தூக்கிப் பதக்கம் வாங்கிக்கொண்டிருந்தாள். இவள் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு தாரை தாரையாகக் கண்ணீர் விட்டாள்.

"என்னடி, ஒன் சொந்தக்காரியா?" என்றேன்.

"இல்லக்கா. அங்க பாருங்க, அவங்க அம்மா கூட்டத்துல நின்னு கை தட்டுறாங்க."

"இது என்ன பொண்ணா, குழாயா? தொட்டாலே கொட்டுதே!"

அன்று மாலைக்குள் பதினோரு சீட்டுக்கும் பெயர் பரவிவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தாள். சிரித்ததிலும் கொஞ்சம் கண்ணீர் வந்தது.

எங்களுடையது ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூம். ஜன்னல் கிடையாது. பதினோரு மேஜை, பதினோரு ஹெட்செட், சுவர் முழுக்க ஒரு திரை. அதில் வண்டிகள் பச்சைப் புள்ளியாக நிற்கும், ஓடும்போது சிவப்பாகும். ஏ.சி. குளிரில் எல்லோரும் காதை மூடிச் சால்வை போர்த்தியிருப்போம். இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தேன், கடைசி பன்னிரண்டு வருடம் ஷிஃப்ட் இன்சார்ஜாக. புதிதாக வருபவர்களுக்கு வேலை கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன். ஒன்று, குரலில் ஈரம் இருக்கக் கூடாது. அந்தப் பக்கம் பதறுகிறவர்களுக்கு நம் பதற்றம் எதற்கு? இரண்டு, நாம் முதலில் போனை வைக்கக் கூடாது. வண்டி வாசலுக்கு வந்து, அவர்களாக வைக்கிறவரை லைனில் இருக்க வேண்டும். கடைசியில் "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். திட்டுகிறவர்களுக்கும் இதே சட்டம்தான்.

மனிதர்கள் பயப்படுகிற சத்தத்தைக் கேட்டே பிழைத்தவள் நான். ஆனால் "எனக்குப் பயமா இருக்கு" என்று நேராகச் சொன்னவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். "கை காலு ஓடலைங்க" என்பார்கள். "வயித்தக் கலக்குது" என்பார்கள். நம் ஆட்களுக்கு மனசில் வருவதெல்லாம் உடம்பு வழியாகத்தான் வெளியே வரும். ஒரு அம்மாள் நெஞ்சு அடைக்கிறது என்று கூப்பிட்டார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "எம்மவன் தனிக்குடித்தனம் போறேன்னு சொன்னதுலேருந்து" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் வண்டியை அனுப்பினேன். போய்ப் பார்த்தால் நிஜமாகவே அடைப்பு.

இன்னொன்று, வியாதியின் பெயரை மட்டும் சொல்லவே மாட்டார்கள். உயிர் போகிற நேரத்திலும் எங்களிடமே மறைப்பார்கள். "சும்மா மயக்கம்" என்பார்கள். தோண்டித் துருவினால்தான் இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை என்பது வெளியே வரும். "மெதுவா பேசுங்க, பாட்டிக்குக் கேட்டுடும்" என்று எங்களையே அடக்குவார்கள். அப்படித் தோண்டுவதில் குழாயை மிஞ்ச அந்த அறையில் ஆளில்லை.

அதுதான் எனக்குப் பெரிய அதிசயம். ஹெட்செட்டைக் காதில் மாட்டிய நிமிஷத்தில் அவள் வேறு ஆள். குரல் காய்ந்து, நேராக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். "சொல்லுங்க. வயசு என்ன? எவ்வளவு நேரமா? என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" குழந்தை கிணற்றில் விழுந்த வீட்டுக்காரர்களோடு இருபது நிமிஷம் அப்படியே பேசியிருக்கிறாள். முடித்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, அடுத்த அழைப்பை எடுத்தாள். அதே மனுஷிதான் சாயங்காலம் மகளின் பள்ளிக்கூட ஷூ சின்னதாகிப்போனதற்கு என் தோளில் சாய்ந்து அழுதாள். பிள்ளை வளர்கிறதாம்!

"ரெண்டு பேரா இருக்கியேடி, எது நெசம்?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான்க்கா. அங்க அழுதா அவங்களுக்கு உபயோகமில்ல. இங்க அழுதா எனக்கு உபயோகம்" என்றாள்.

இந்த ஒரு பதிலை நான் புத்தியில் வைத்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

இரண்டாவது மாதத்திலேயே 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. வா, போ என்று உரிமையோடு கூப்பிட ஒருத்தி கிடைத்தால் கசக்குமா? பத்து வருடம் அவள் டப்பாவில் பாதி எனக்கு, என் டப்பாவில் பாதி அவளுக்கு.

தினமும் மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டு அறைப் பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் போடுவாள். அப்பா வெளியூரில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தார், பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அந்த ஊருக்கும் சேர்த்துத்தான் எங்கள் கண்ட்ரோல் ரூம். அவர் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு எதுக்கு?" இவள் அன்றைக்கு அழுத காரணத்தைச் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டது. பஸ்ஸில் ஒரு கிழவர் மனைவிக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுத்தார். அந்தப் பக்கம் அவர் விழுந்து விழுந்து சிரிப்பது எனக்கே கேட்கும். அரை மணி நேரம் இந்தக் கூத்து நடக்கும்.

ஒருநாள் அவள் புருஷன் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார். லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் "ஒண்ணுமில்லைங்க, ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிப் பழகிய வாய். நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் நான் அன்றைக்கே கதவைச் சாத்தியிருப்பேன்.

"என் மாமனாருக்கு நுரையீரல்ல கட்டிக்கா. முத்திப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

நான் சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தாங்கமாட்டா. ஷூ பத்தலைன்னதுக்கே ரெண்டு நாள் சோறு எறங்கல. பக்குவமா நேரம் பாத்து நானே சொல்லிக்கிறேன். ஆனா ஒண்ணு, மச்சான் வீட்லேருந்து அவசரம்னு கூப்பிட்டா அந்தப் போனு இவகிட்ட போயிடக் கூடாது."

நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? 'கிணற்றில் விழுந்த குழந்தைக்கு இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தவள் இதற்குத் தாங்க மாட்டாளா?' என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏனென்றால் நானும் அந்தப் பண்ணையில் மேய்ந்த மாடுதான். எங்கள் வீட்டில் யாருக்காவது நோய் என்றால் முதலில் பட்டியல் போடுவோம், யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்று. யாரிடம் மறைக்கிறோமோ அவர்கள்மேல்தான் பாசம் அதிகம் என்று அர்த்தம். அவர் கேட்டது எனக்குத் தப்பாகவே படவில்லை. தலையை ஆட்டினேன். மனசு நிறைந்துகூட இருந்தது, சீ.

எங்கள் அழைப்புகள் பகுதி பகுதியாகப் பிரிந்து வரும். எந்த சீட்டுக்கு எந்தப் பகுதி என்று மாற்றுவது இன்சார்ஜ் கையில். அண்ணன் ஊர் தெற்குப் பகுதி, குழாயும் தெற்குப் பகுதிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவளை வடக்குக்கு மாற்றினேன். ஏன் என்று கேட்டாள்.

"வடக்குல கேஸெல்லாம் சிக்கலா வருது. நல்லாத் தோண்டத் தெரிஞ்ச ஆளு வேணும். ஒன்னை விட்டா யாரு?"

அவள் கண் கலங்கியது. வேலையைப் பற்றி யாராவது பாராட்டினால் அவளுக்கு வருகிற அழுகையே தனி, உதடு கொஞ்சம் கோணும். அன்று மதியம் ஒரு மணிக்கு அப்பா "இன்னிக்கு எதுக்கு?" என்று கேட்டபோது அதைத்தான் சொன்னாள். "அக்கா என்னை வடக்குக்குப் போட்டிருக்குப்பா, நல்லா வேலை பாக்குறேனாம்." நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் டப்பாவிலிருந்து முட்டையை எடுத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

இப்படி ஏழு மாதம் போனது. ஊருக்கு வருகிறேன் என்று அவள் சொன்னபோதெல்லாம் ஒரு பொய் தயாராக இருந்தது. வெள்ளையடிக்கிறோம், வராதே. அண்ணிக்குக் கண்வலி, ஒட்டிக்கொள்ளும். அப்பா கூட்டாளிகளோடு வெளியூர் போயிருக்கிறார். இரண்டே முறை போய் வந்தாள். இரண்டாம் முறை வந்து, அப்பா பாதியாக இளைத்துவிட்டார் என்றாள். பல் பிடுங்கினார்களாம், சாப்பிட முடியவில்லையாம், அண்ணன் சொன்னானாம். அந்தப் பல்லுக்காக மூன்று நாள் அழுதாள். "சோத்தக் குழைய வடிக்கச் சொல்லு" என்று நான் யோசனை வேறு சொன்னேன். ஏழு மாதத்தில் அவள் புருஷன் கண்ட பக்குவமான நேரம் ஒன்றுகூட இல்லை. நானும் நினைவூட்டவில்லை.

அன்று புதன்கிழமை. மூன்று பேர் விடுப்பு. ஆள் குறைந்தால் எல்லாப் பகுதி அழைப்பும் எல்லா சீட்டுக்கும் வருகிற மாதிரி இயந்திரம் தானாகவே திறந்துகொள்ளும். எனக்கு அது தெரியும். தெரிந்தும், காலை பதினொன்றரைக்கு டீ வாங்கக் கீழே போனேன். கடைக்காரரோடு அரசியல் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். அந்தப் பதினாறு நிமிஷப் பதிவைப் பிற்பாடு எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.

அண்ணன்தான் கூப்பிட்டிருக்கிறான். "சீக்கிரம் வண்டி அனுப்புங்க, எங்கப்பா மூச்சு விட முடியாம தவிக்கிறாரு." விலாசம் சொல்கிறான். அச்சகத்துக்கு மேல் மாடி, பச்சைக் கேட். அவள் பிள்ளை பெற்று வந்து படுத்திருந்த மாடி அது. பிறகு அந்தக் காய்ந்த குரல் வருகிறது.

"வண்டி கிளம்பிடுச்சு சார். வயசு என்ன?"

"அறுபத்தெட்டு."

"முன்னாடியே ஏதாவது நோய் இருக்கா?"

"இல்லைங்க, சும்மா... ஆஸ்துமா மாதிரி."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்."

"என்கிட்ட மறைக்காதீங்க சார். நீங்க மறைச்சா வண்டியில வர்றவங்க தப்பா வைத்தியம் பாத்துடுவாங்க. என்ன மாத்திரை குடுக்குறீங்க? அட்டையப் பாத்துப் பேரைப் படிங்க."

அவன் படிக்கிறான். மூன்றாவது பெயரிலேயே யாருக்கும் விளங்கிவிடும், எங்களுக்கு எப்படி விளங்காது? அவன் குரல் உடைகிறது. "நுரையீரல்ல கட்டிங்க. ஏழு மாசமாச்சு."

இங்கே நான்கு நொடி வெறுமை. விரலால் மேஜையைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்கிறது.

"அவரை நிமித்தி உக்கார வைங்க. முதுகுக்குத் தலகாணி குடுங்க. சட்டைப் பித்தானக் கழட்டிவிடுங்க. தண்ணி குடுக்காதீங்க. வீட்ல வேற பெரியவங்க யாரு இருக்காங்க?"

"நானும் என் பொஞ்சாதியும்தான். ஒரு தங்கச்சி இருக்கா. அவளுக்கு எதுவும் தெரியாது, சொல்லல. அவ தாங்கமாட்டா."

"சரிங்க சார். ஒருத்தரை வாசல்ல நிக்கச் சொல்லுங்க. கேட்டைத் திறந்து வைங்க."

"நீங்க வச்சிடாதீங்கம்மா."

"வைக்கமாட்டேன் சார். நான் லைன்லதான் இருக்கேன்."

மீதி பன்னிரண்டு நிமிஷமும் இருந்தாள். மூச்சை எண்ணச் சொன்னாள். உதடு என்ன நிறம் என்று கேட்டாள். அவன் ஒப்பாரி வைத்தபோது, "சார், நீங்க அழுதா அவரு பயப்படுவாரு" என்றாள். கூடப்பிறந்த தங்கையின் குரல் அவனுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவள் அழாமல் பேசி அவன் எப்போது கேட்டான்? வண்டி வந்துவிட்டது. "வேற ஏதாவது சொல்லணுமா சார்?" என்று கேட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்மா, எந்தப் புண்ணியவதி பெத்த பொண்ணோ" என்று வாழ்த்திவிட்டு அவன் போனை வைத்தான்.

நான் இரண்டு கையிலும் டீ கப்போடு உள்ளே வந்தேன். அவள் ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்து, ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணன் வீட்டுக்கு வண்டி அனுப்பியிருக்கேன். நான் கெளம்பணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். யாருக்கு, என்ன, எதுவும் சொல்லவில்லை.

என் வாய் சும்மா இருந்ததா? "ஐயோ, அப்பாவுக்கு மூச்சு முட்டிடுச்சா?" என்றேன்.

ஒயர் சுற்றிய கை நின்றது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்னிடமிருந்து சுவர்த் திரைக்குப் போனது, தெற்குப் பக்கம் ஓடுகிற ஒற்றைச் சிவப்புப் புள்ளிக்கு. பிறகு அவளுடைய மேஜைக்கு மேலே நான் ஒட்டி வைத்த 'வடக்கு' என்ற அட்டைக்கு.

"ஒனக்கும் தெரியுமாக்கா?"

என் கண்ணும் அந்த அட்டைக்குப் போனது.

"நல்லா வேலை பாக்குறேன்னு சொன்னியே."

அது பொய்யில்லை, அவளைப் போல வேலை பார்த்தவள் அந்த அறையில் இன்றுவரை கிடையாது. ஆனால் அதை அப்போது எந்த வாயால் சொல்வது? நான் டீயை வைக்க இடம் தேடினேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை, போகவும் முகமில்லை. வராந்தாவில் அவள் புருஷன், அண்ணன், அண்ணி, பன்னிரண்டு வயது மகள், நால்வரும் தலைமை ஆசிரியர் அறை வாசலில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றிருந்தார்கள். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் ஏழு மாதமாகத் தெரியுமாம். "அம்மா அழுவாங்க, நாமதான் பாத்துக்கணும்னு அப்பா சொன்னாங்க" என்று என்னிடம் சொன்னாள். வீட்டில் மிச்சமிருந்த ஒரே குழந்தை அவள் அம்மாதான் போல.

"கத்தினாக்கூடப் பரவாயில்லக்கா" என்றார் புருஷன். "ஒரு சொட்டு அழல. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேக்குறா. எனக்கு அடிவயித்துல என்னமோ பண்ணுது."

உள்ளே அவள் கட்டிலருகே நின்று மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். நான் குரல் கொடுத்ததும் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது, பத்து வருடமாகப் போனில் என் சிரிப்பைக் கேட்டவராயிற்றே.

"எம்பொண்ணு அழமாட்டேங்குறாம்மா. நீங்களாச்சும் சொல்லுங்க."

அவர் மகள் பக்கம் திரும்பி, மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "மாப்பிள்ளையத் திட்டாதடா. சொல்லாதீங்கன்னு சொன்னது நாந்தான். மத்தவங்க எல்லாரும் என்னைப் பாக்கும்போதே மொகம் மாறிடுது. எம்மவன் என்னை நிமிந்து பாக்குறதேயில்ல. மதியம் அரை மணி நேரம் ஒங்கிட்ட பேசும்போது மட்டும் எனக்கு ஒண்ணுமில்ல. பூனை குட்டி போட்டதுக்கு நீ அழுவ, நான் சிரிப்பேன். அத விட மனசு வரல."

அதுவரை எல்லோரும் அவளுக்காக மறைத்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அப்பாவாவது உண்மையைச் சொல்லிவிட்டார், தனக்காக என்று. அவள் இப்போது உடைவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். வராந்தாவிலிருந்தவர்களும் கதவுக்கு வந்து அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்கள்.

அவள் மருந்துச் சீட்டை மடித்து வைத்தாள். "ஏழு மாசம்ப்பா. வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து ஒங்க பக்கத்துல உக்காந்திருப்பேன்ல" என்றாள். அதே காய்ந்த குரல். பிறகு, "கால நீட்டுங்க, மரத்துப்போயிருக்கும்" என்று சொல்லிப் பாதத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அவர் அதற்குப் பிறகு பதினெட்டு நாள் இருந்தார். பதினெட்டு நாளும் அவள் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒரு மணி ஆனால் "இன்னிக்கு எதுக்குடா?" என்று அவர் கேட்பாராம். "ஒண்ணும் இல்லப்பா" என்பாளாம். மகள்தான் சொன்னாள்.

சாவு வீட்டுக்குப் போனேன். அண்ணி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், அண்ணன் தரையில் விழுந்து புரண்டான். இவள் சுவரோரமாக நின்று, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், வெயிலில் நின்ற பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். "பெத்த அப்பன் கிடக்கிறாரு, கல்லு மாதிரி நிக்கிறா பாருங்க" என்று அண்ணி என் காதிலேயே ஓதினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஓங்கி ஒன்று வைத்திருப்பேன். அழுகிறாள் என்று ஏழு மாதம் ஒளித்தீர்கள், இப்போது அழவில்லை என்று ஏசுகிறீர்களா? ஆனால் அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? அந்தக் கூட்டத்தில் எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் என்னிடம் வந்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா மேடம்?" என்றாள்.

மேடம்! இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேர் அந்தச் சொல்லால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர்கூட என்னை இப்படி அடித்ததில்லை.

திரும்பி வேலைக்கு வந்தாள். தெற்குப் பகுதி வேண்டும் என்று எழுதிக்கொடுத்தாள், கொடுத்தேன். மதியம் தன் மேஜையிலேயே சாப்பிட்டாள். சாப்பிடுவதற்கு முன் டப்பாவை என் பக்கம் நீட்டி, "எடுத்துக்குங்க மேடம்" என்று கேட்கவும் தவறவில்லை. சண்டை போட்டால் சமாதானம் பேசலாம். மரியாதை கொடுப்பவளிடம் என்ன பேச? 'குழாய்ல தண்ணி நின்னுபோச்சு' என்று ஒருவன் சிரித்தான். அவனை நான் பேசிய பேச்சில் அவன் இரண்டு நாள் அலுவலகம் வரவில்லை. ஆறு மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊர்க் கண்ட்ரோல் ரூமுக்குப் போய்விட்டாள். புருஷனும் மகளும் கூடவே போனார்கள். வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதாம். அவர் இப்போது மகளுக்கு ஜலதோஷம் என்றால்கூட உடனே அவளிடம் சொல்லிவிடுகிறாராம். அவள் "சரி" என்கிறாளாம்.

நான் போன மாதம் ஓய்வு பெற்றேன். அன்று மதியம் காலி வீட்டில் உட்கார்ந்து அவளுக்குப் போன் போட்டேன். மணி ஒன்று என்பதை, அவள் எடுத்த பிறகுதான் கவனித்தேன்.

"சொல்லுங்க மேடம்."

"மேடம்னு கூப்பிடாதடி. நான் செஞ்சது தப்பு. ஒன் புருஷன் கேட்டாருன்னு செய்யல. எனக்கே அது சரின்னு பட்டுச்சு. அதான் இன்னும் பெரிய தப்பு."

"ம்."

"வடக்குக்குப் போட்டது பொய்யி. நல்லா வேலை பாக்குறேன்னு சொன்னது பொய்யில்ல. அது ரெண்டையும் ஒண்ணா சொல்லித் தொலைச்சிட்டேன். என்னை நாலு வார்த்தை திட்டிடு. இல்ல, அழுதாவது தொலை. இப்படி இருக்காத."

நானே அழுதுகொண்டிருந்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவள் காத்திருந்தாள். பதறவில்லை, அவசரப்படுத்தவில்லை, நடுவில் குறுக்கிடவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை.

"பதறாதீங்க மேடம். நான் லைன்லதான் இருக்கேன்."

நான் எவ்வளவு நேரம் பேசினேனோ. பேச இருந்ததெல்லாம் தீர்ந்து, வெறும் மூச்சு மட்டும் மிஞ்சியது. வைக்க மனசில்லாமல் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். நான் வைக்காவிட்டால் அவளால் வைக்க முடியாது, சட்டம் அப்படி. அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாவது அவளை இழுத்து நிறுத்திவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள்.

"இல்லடி."

அவள் போனை வைத்துவிட்டாள்.